பாதியில் நின்று போகும் கம்ப்யூட்டர்! நோய் எங்கே இருக்கிறது?

அது ஒரு பழைய கம்ப்யூட்டர். வயது 12. நன்றாகத்தான் ஓடிக் கொண்டு இருந்தது. திடீர் என்று ஒரு நாள், வேலை செய்து கொண்டு இருக்கும்போதே நின்று விட்டது!

திரையில் படம் இருக்கிறது, ஆனால் அசையவில்லை. மவுசை ஆட்டினால் அம்பு நகரவில்லை. விசையைத் தட்டினால் எழுத்து விழவில்லை. கம்ப்யூட்டர் சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை.

இதைத்தான் "ஹேங் ஆகி விட்டது" என்று சொல்லுகிறார்கள்.

சுவிட்சை அணைத்து மறுபடியும் போட்டால் ஓடுகிறது. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் நிற்கிறது. மறுநாள் 20 நிமிடத்திலேயே நிற்கிறது.

"இதன் காலம் முடிந்து விட்டது. தூக்கிப் போட்டு விட்டுப் புதிது வாங்குங்கள்" என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்லுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம்! கம்ப்யூட்டர் என்பது ஒரே பொருள் அல்ல. பல பாகங்கள் சேர்ந்த பெட்டி. அதில் ஒரு பாகம் தடுமாறினாலும் முழுப் பெட்டியும் நின்று விடும். அந்த ஒரு பாகத்தைக் கண்டு பிடித்து விட்டால், மற்றவை இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

எப்படிக் கண்டு பிடிப்பது?

ஒரு வீடு

இப்படி ஒரு வீட்டை நினைத்துக் கொள்ளுங்கள்.

அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். யாருக்கு எத்தனை ரவிக்கை, யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கு எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. மூத்த மகள் பிளஸ் டூ படிக்கிறாள். மகன் 7-ம் வகுப்பு.

கலியாணப் படங்கள், பிள்ளைகளின் முதல் பிறந்த நாள் படங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன. இன்னொன்றும் இருக்கிறது. காலம் சென்ற தாத்தா, பேத்திக்குக் கதை சொன்ன குரல்! ஆறு நிமிடப் பதிவு. வேறு எங்கும் அது இல்லை.

கோடை பிறந்தது. கம்ப்யூட்டர் நிற்கத் தொடங்கியது. அம்மா கடைக்குத் தூக்கிக் கொண்டு போனார்.

"போர்டு போயிருக்கும், அக்கா. இதற்குச் செலவு செய்வது வீண். புதிது வாங்கி விடுங்கள்" என்றார், கடைக்காரர்.

"திறந்து பார்த்தீர்களா, தம்பி?"

"12 வருடத்துப் பெட்டி, அக்கா. திறந்து பார்க்க என்ன இருக்கிறது?"

அம்மா பெட்டியை ஆட்டோவில் ஏற்றித் திரும்பக் கொண்டு வந்து விட்டார்.

முதல் வேலை

இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். உடனே திருகாணியைக் கழற்றத் தொடங்கி விடுகிறார்கள். முதல் வேலை ரிப்பேர் அல்ல. நகல் எடுப்பதுதான்!

படம், கணக்கு, குரல் எல்லாம் இருப்பது "ஹார்டு டிஸ்க்" என்ற பாகத்தில். கெட்டுக் கொண்டு இருப்பது அந்த ஹார்டு டிஸ்க்காகவே இருக்கலாம். அப்படி இருந்தால், இன்று ஓடியது நாளை ஓடாது. ஓடுகிறபோதே எடுத்துக் கொள்ள வேண்டும்.

போனால் திரும்ப வராதது எதுவோ, அதை முதலில் எடுக்க வேண்டும். அந்த வீட்டில் மகள் முதலில் தாத்தாவின் குரலை ஒரு பென் டிரைவில் எடுத்தாள். அடுத்து அம்மாவின் கணக்கு. அடுத்து படங்கள். சினிமாப் பாட்டை விட்டு விட்டாள். அது எங்கேயும் கிடைக்கும்!

நடுவில் இரண்டு முறை கம்ப்யூட்டர் நின்றது. ஆற விட்டு, விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தாள். முடிந்ததும், எல்லாவற்றையும் இன்னொரு பென் டிரைவிலும் எடுத்து, பீரோவில் வைத்தாள். ஒரு நகல் போதாது. இரண்டு வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: பெட்டிக்குள் இருந்து "டக், டக்" என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால், அது ஹார்டு டிஸ்க்கின் சத்தமாக இருக்கலாம். உடனே அணைத்து விடுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தால், உள்ளே இருக்கும் தட்டு கீறிப் போகும். அழிந்த பதிவுகளை மீட்டுத் தருவதையே தொழிலாகச் செய்கிறவர்களிடம் அதைக் கொடுக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

நோட்டுப் புத்தகம்

டாக்டரிடம் போனால் என்ன கேட்கிறார்? "காய்ச்சல் காலையில் வருகிறதா, மாலையில் வருகிறதா? சாப்பிட்ட பிறகா, சாப்பிடும் முன்பா?" என்று கேட்கிறார். கம்ப்யூட்டருக்கும் இதே கேள்விதான்!

எப்போது நிற்கிறது? போட்டு எத்தனை நிமிடத்தில் நிற்கிறது? அப்போது என்ன வேலை நடந்து கொண்டு இருந்தது? நின்ற பிறகு தானாக ஓடுகிறதா, ஓடுவதே இல்லையா?

இதை 5 நாள் எழுதிப் பாருங்கள். பாதி நோய் தெரிந்து விடும்.

வெயில் நேரத்தில், அல்லது நெடு நேரம் ஓடிய பிறகு நின்றால், சூடு என்று சந்தேகப்படலாம். நேரம் காலம் இல்லாமல் நின்றால், நீலத் திரையும் வந்தால், ஞாபகப் பாகமான "ராம்" மீது சந்தேகம். ஏதாவது ஒரு படத்தையோ கணக்கையோ திறக்கும்போது நின்று, ஒரு நிமிடம் கழித்துத் தானாக ஓடினால், ஹார்டு டிஸ்க். நிற்காமல் பட் என்று அணைந்தே போனால், சூடு அல்லது மின்சாரம் தரும் பாகம்.

இது சந்தேகம்தான், தீர்ப்பு அல்ல. ஒரு நோயின் அடையாளம் இன்னொரு நோயிலும் வரும்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. குற்றம் பாகத்திலா, அல்லது உள்ளே ஓடுகிற விண்டோஸ் போன்ற புரோகிராமிலா? அதை அறிய ஒரு சுலபமான வழி உண்டு. கம்ப்யூட்டரைப் போட்ட உடனே "டெலிட்" அல்லது "எஃப் 2" விசையைத் தட்டிக் கொண்டே இருந்தால், பல கம்ப்யூட்டர்களில் ஒரு தனித் திரை வரும். அதற்கு "பயாஸ்" திரை என்று பெயர். அங்கே விண்டோஸ் ஓடுவது இல்லை. அந்தத் திரையிலேயே விட்டு வைத்துப் பாருங்கள். அங்கேயும் நின்று போனால், குற்றம் பாகத்தில்தான்!

அங்கே நிற்காவிட்டால், விண்டோஸ்தான் குற்றவாளி என்று முடிவு கட்டி விடக் கூடாது. பயாஸ் திரையில் கம்ப்யூட்டருக்கு வேலை குறைவு. லினக்ஸ் என்ற இலவசப் புரோகிராமைப் பென் டிரைவில் இருந்தே ஓட்டிப் பார்க்கலாம். அதிலும் நின்றால், விண்டோஸ் மீது பழி போட வேண்டியது இல்லை.

மகள் எழுதிய நோட்டில், பிற்பகல் 2 மணிக்கு 20 நிமிடத்தில் நின்றது. இரவில் ஒன்றரை மணி நேரம் ஓடிய பிறகு நின்றது. விடியற்காலையில் நிற்கவே இல்லை.

"அம்மா! வெயில் நேரத்தில்தான் நிற்கிறது!" என்றாள்.

தபால் தலை அளவில் அடுப்பு!

கம்ப்யூட்டரின் மூளைக்கு "பிராசசர்" என்று பெயர். அதற்குள் வேலை செய்யும் சில்லு தபால் தலை அளவுதான். அது தின்னும் மின்சாரமோ, பல கம்ப்யூட்டர்களில் 65 வாட்!

பழைய காலத்துக் குண்டு பல்பு 60 வாட். எரிகிற பல்பைத் தொட்டால் கை சுட்டு விடும். அவ்வளவு சூடும் ஒரு தபால் தலை அளவு இடத்தில் கிளம்பினால் எப்படி இருக்கும்?

அந்தச் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அதற்காகப் பிராசசரின் தலை மீது அலுமினியத் தகடுகள் கொண்ட ஒரு பாகம் உட்கார்ந்து இருக்கிறது. அதன் மேல் ஒரு சின்ன ஃபேன் சுற்றுகிறது. பிராசசருக்கும் அலுமினியத்துக்கும் நடுவே ஒரு பசை பூசி இருக்கும். அதுதான் "தெர்மல் பேஸ்ட்". இரண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இல்லாமல் செய்து, சூட்டைக் கடத்துவது அதன் வேலை.

ஆண்டுகள் போகப் போக என்ன ஆகிறது? தகடுகளின் இடுக்கில் தூசி அடைகிறது. ஃபேன் தளர்கிறது. பசை காய்ந்து, சுண்ணாம்பு மாதிரி உதிர்கிறது. சூடு வெளியேற வழி இல்லை.

வேலை செய்யும்போது பிராசசர் 60 முதல் 80 டிகிரி வரை சூடாவது சகஜம். 100 டிகிரியை நெருங்கினால், அது தன்னைத் தானே காப்பாற்றிக் கொள்ளப் பார்க்கும். முதலில் வேகத்தைக் குறைக்கும். அப்படியும் சூடு அடங்காவிட்டால் அணைந்து விடும். இதற்கு நடுவே, சுற்றிலும் இருக்கிற மற்றப் பாகங்களும் சூடாகித் தடுமாறுகின்றன. அப்போது படம் அப்படியே நின்று போகலாம்.

எத்தனை டிகிரி என்று பயாஸ் திரையிலேயே பல கம்ப்யூட்டர்களில் பார்க்கலாம்.

அந்தத் திரை கூட வேண்டாம். ஒரு டேபிள் ஃபேன் போதும்! பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி விட்டு, உள்ளே காற்று அடிக்கும்படி ஃபேனை வையுங்கள். சின்னப் பிள்ளைகள் கை வைக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள். வழக்கமாக நிற்கும் நேரத்தைத் தாண்டியும் கம்ப்யூட்டர் ஓடினால், நோய் சூடுதான்.

அந்த வீட்டில் பிற்பகல் 2 மணிக்குப் போட்டார்கள். 3 மணி ஆயிற்று. 4 மணி ஆயிற்று. நிற்கவில்லை!

உள்ளே என்ன இருந்தது?

பெட்டியை மொட்டை மாடிக்கு எடுத்துப் போனார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கிய பிறகு, கம்ப்யூட்டரின் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மிச்சம் இருக்கும் மின்சாரம் வடிந்து விடும். கையை உள்ளே விடுமுன், பெட்டியின் வெறும் இரும்பை ஒரு தடவை தொட வேண்டும். உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் இறங்கி விடும். அந்த மின்சாரம் நமக்குத் தெரியாது. ஆனால் சில்லுகளைக் கொன்று விடும்!

திறந்து பார்த்தார்கள். அலுமினியத் தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. கம்பளி போர்த்தியது போல் ஒரு படலம்! தூசி மட்டுமா? தையல் வீடு ஆயிற்றே! பஞ்சு, நூல் பிசிறு எல்லாம் சேர்ந்து ஃபேனைச் சுற்றித் திரி திரியாகக் கிடந்தன. மூலையில் ஒரு செத்த கரப்பான் பூச்சியும் இருந்தது.

பெயிண்ட் அடிக்கும் புதுப் பிரஷ், மெல்லிய மயிர் உள்ளது, இதற்குப் போதும். காற்று அடிக்கும் புளோயர் இருந்தால் இன்னும் நல்லது. காற்று அடிக்கும்போது ஃபேனின் இறக்கையை விரலால் பிடித்துக் கொள்ள வேண்டும். விட்டால் தாறுமாறாகச் சுற்றிக் கெட்டுப் போகும். ஈரத் துணி கூடாது. வாயால் ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும். வீட்டைச் சுத்தம் செய்யும் வாக்குவம் கிளீனரையும் உள்ளே விட வேண்டாம். அதில் நிலை மின்சாரம் கிளம்பும்.

பசையை மாற்றுவது கை பழகியவர் செய்ய வேண்டிய வேலை. பழைய பசை ஒட்டிக் கொண்டு இருக்கும். பலமாக இழுத்தால் பிராசசரே பெயர்ந்து வந்து விடும். கம்ப்யூட்டரைச் சில நிமிடம் ஓட விட்டு, பிளக்கைப் பிடுங்கி, இளஞ் சூட்டில் மெல்லத் திருகி எடுப்பார்கள். பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைப்பார்கள். புதுப் பசை ஒரு பச்சைப் பயறு அளவு போதும். அதிகம் பூசினால் அதிகக் குளிர்ச்சி என்று நினைப்பது தவறு!

அந்தி விட்டில்

கம்ப்யூட்டருக்குள் பூச்சி புகுவது புதிது அல்ல. இதற்கு ஒரு பழைய கதை உண்டு. கதை அல்ல; நடந்தது.

1947-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி. அமெரிக்காவில் ஹார்வர்டு சர்வகலாசாலைக்காரர்கள் கட்டிய "மார்க் 2" என்ற பெரிய கணக்கு எந்திரம் தடுமாறியது. தேடிப் பார்த்தார்கள். எந்திரத்தின் ஒரு ரிலேயில், அதாவது தானாகத் திறந்து மூடும் சுவிட்சில், ஒரு அந்திப் பூச்சி சிக்கிச் செத்துக் கிடந்தது!

அதை எடுத்து, தினசரிக் குறிப்பு எழுதும் நோட்டில் டேப் போட்டு ஒட்டி வைத்தார்கள். கிரேஸ் ஹாப்பர் என்ற பெண் கணித நிபுணர் இந்தச் செய்தியைப் பல கூட்டங்களில் சொல்லி உலகத்துக்குப் பரப்பினார். எந்திரக் கோளாறைப் "பூச்சி" என்று சொல்லும் வழக்கம் அதற்கு முன்பே என்ஜினீயர்களிடம் இருந்தது. மெய்யான பூச்சி அகப்பட்டதுதான் வேடிக்கை.

அந்த நோட்டுப் புத்தகம் பூச்சியோடு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் பொருட்காட்சி நிலையத்தில் பத்திரமாக இருக்கிறது.

மறுபடியும் நின்றது

தையல் வீட்டுக் கம்ப்யூட்டர் நான்கு நாள் நன்றாக ஓடியது. ஐந்தாம் நாள் காலை 6 மணிக்கு, குளிர்ந்த நேரத்தில், நின்று விட்டது!

தம்பிக்கு அழுகையே வந்து விட்டது. அக்காள் நோட்டைப் புரட்டினாள். சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இது இன்னொரு நோய். பழைய பெட்டியில் இரண்டு நோய் சேர்ந்து இருப்பது உண்டு. ஒன்று தீர்ந்த பிறகுதான் மற்றது கண்ணுக்குத் தெரியும்.

அடுத்து "ராம்".

ராம் என்றால் என்ன? வீட்டில் பரண் இருக்கிறது. சமையல் மேடை இருக்கிறது. ஹார்டு டிஸ்க் என்பது பரண். எல்லாச் சாமானும் அங்கே இருக்கும். ராம் என்பது சமையல் மேடை. இப்போதைய சமையலுக்கு வேண்டியதை மட்டும் மேடைக்குக் கொண்டு வந்து வேலை செய்கிறோம். அணைத்தால் மேடை காலியாகி விடும்.

4 ஜி.பி. ராமில் 3,400 கோடிக்கு மேற்பட்ட நுண்ணிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வொரு அறையிலும் 0 அல்லது 1. ஒரே ஓர் அறை பொய் சொன்னாலும் போதும். கம்ப்யூட்டர் நின்று போகலாம். அல்லது, அதை விட மோசமாக, நிற்காமல் தப்புக் கணக்கைத் தரலாம்!

2003-ம் ஆண்டு மே மாதம் பெல்ஜியம் நாட்டில் தேர்தல் நடந்தது. ஸ்கார்பீக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு, கிடைக்கவே முடியாத அளவு ஓட்டு விழுந்ததாகக் கம்ப்யூட்டர் சொன்னது. மறுபடி எண்ணினார்கள். கூடுதலாக வந்தது 4,096 ஓட்டு! 2-ஐ 12 தடவை பெருக்கினால் வருவது சரியாக 4,096. ஆகவே ஒரே ஓர் அறையில் 0 என்பது 1 ஆக மாறி இருக்கிறது. புரோகிராமில் குற்றம் எதுவும் அகப்படவில்லை. வான வெளியில் இருந்து வரும் கதிர் பட்டு மாறி இருக்கலாம் என்று கருதினார்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வானத்தைப் பழி சொல்ல வேண்டாம்! அங்கே வழக்கமான குற்றவாளி அழுக்குதான். ராம் என்பது ஒரு சாண் கூட இல்லாத பச்சை அட்டை. அதன் அடி விளிம்பில் வரிசையாகப் பொன் முலாம் பூசிய பட்டைகள் இருக்கும். அந்தப் பட்டையும் அதைச் செருகும் இடமும் நன்றாகத் தொட்டுக் கொண்டு இருக்க வேண்டும். பல ஆண்டு சூடாகி, ஆறி, சூடாகி, ஆறி, பிடிப்பு தளர்கிறது. நடுவில் அழுக்குப் படிகிறது.

ரிப்பேர் கடைகளில் ராமை எடுத்து, பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் அந்தப் பட்டையைத் தேய்ப்பதைப் பார்த்து இருப்பீர்கள். அது வேடிக்கை அல்ல. வேலை செய்கிற வைத்தியம். வெள்ளை ரப்பராக இருக்க வேண்டும். மெல்லத் தேய்த்து, துகளைத் தட்டி விட வேண்டும். ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பது இன்னும் நல்லது. திரும்பப் போடும்போது, ஓரத்துக் கொக்கி "கிளிக்" என்று மாட்டும் வரை அழுத்த வேண்டும்.

அப்படியும் தீராவிட்டால்? இரண்டு ராம் அட்டை இருந்தால், ஒன்றை மட்டும் போட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். மறுநாள் மற்றதை மட்டும் போட்டு ஓட்டுங்கள். எதைப் போட்டால் நிற்கிறதோ, அது குற்றவாளி. இரண்டிலும் நின்றால், செருகும் இடத்தை மாற்றிப் பாருங்கள்.

பரிட்சை வைக்கப் புரோகிராமும் உண்டு. விண்டோஸிலேயே மெமரி டயக்னாஸ்டிக் என்று ஒன்று இருக்கிறது. "மெம்டெஸ்ட் 86" என்பது இலவசமாகக் கிடைக்கிறது. இரவு ஓட விட்டுப் படுத்தால், விடிந்ததும் முடிவு தெரியும். இதில் 35 மார்க் வாங்கினால் பாஸ் கிடையாது. ஒரே ஒரு தப்பு வந்தாலும் அந்த அட்டை தோல்விதான்!

மகள் இரண்டு அட்டையையும் தேய்த்தாள். பயன் இல்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தாள். ஒரு அட்டையில் 2 நாள் ஓடியது. மற்றதைப் போட்டதும், 10 நிமிடத்தில் நின்றது. அகப்பட்டு விட்டது!

கெட்ட அட்டையைக் கையில் எடுத்துக் கொண்டு போய், அதே ரகத்தில் ஒன்று வாங்கி வந்தார்கள். இது முக்கியம். டி.டி.ஆர். 3 என்ற ரகம் இருந்த இடத்தில் டி.டி.ஆர். 4 நுழையாது. வெட்டு இருக்கும் இடமே வேறு.

பருத்த தலைகள்

அந்த வீட்டில் மதர்போர்டு தப்பியது. எல்லா வீட்டிலும் தப்பும் என்று சொல்ல முடியாது.

மதர்போர்டில் பிராசசரைச் சுற்றிச் சின்னச் சின்ன உருளைகள் நிற்கும். கெபாசிட்டர் என்று பெயர். தண்ணீர்த் தொட்டி மாதிரி மின்சாரத்தைத் தேக்கி, ஏற்ற இறக்கம் இல்லாமல் தருவது அதன் வேலை. அதன் தலை தட்டையாக இருக்க வேண்டும். பூரி போல் உப்பி இருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்து இருந்தாலோ, அது கெட்டு விட்டது. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். கண் போதும்.

இதிலும் ஒரு கதை உண்டு. 2000-ம் ஆண்டை ஒட்டிச் செய்த கெபாசிட்டர்கள் உலகம் முழுவதும் இரண்டு மூன்று ஆண்டிலேயே உப்பி வெடித்தன. உள்ளே ஊற்றிய திரவத்தின் கலவை தவறு! பேர் போன கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களும் தப்பவில்லை. வேறு ஒரு கம்பெனியின் ரகசியக் கலவையை யாரோ திருடினார்கள், பாதிதான் அகப்பட்டது, அதனால்தான் இந்தக் கதி என்று ஒரு பேச்சு பரவியது. அது நிரூபிக்கப்படவில்லை.

நல்ல கெபாசிட்டரையும் சூடு தின்று விடும். 10 டிகிரி சூடு ஏறினால், அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது என்ஜினீயர்களின் கணக்கு. தூசியைத் தட்டினால், இதற்கும் ஆயுள் கூடும். உப்பியதைப் பற்ற வைப்புத் தெரிந்தவர் எடுத்து விட்டுப் புதிது வைத்து விடுவார்.

திறக்கக் கூடாத பெட்டி

வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட். கம்ப்யூட்டருக்கு வேண்டியது 12, 5, 3.3 வோல்ட். மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ். என்ற இரும்புப் பெட்டி. அது தளர்ந்தால், பெரிய வேலை வரும்போது மின்சாரம் போதாமல் கம்ப்யூட்டர் நிற்கும், அணையும், தானே மறுபடி கிளம்பும். 12 வோல்ட் கம்பியில் 11.4-க்குக் கீழே இறங்கினால், அது தேறாது. கடையில் வேறு ஒன்றை மாட்டிப் பார்த்தால் உடனே தெரிந்து விடும்.

இந்தப் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது! பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி இருக்கும். உயிருக்கு ஆபத்து. ரிப்பேர் செய்யாமல் மாற்றி விடுவதே நல்லது.

மாற்றுவதற்கு முன், சுவரில் இருக்கும் பிளக் ஆடுகிறதா, யு.பி.எஸ். பேட்டரி செத்து விட்டதா என்றும் பார்த்து விடுங்கள். ஆடுகிற பிளக்குக்காகப் புதுக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டியது இல்லை!

தேதி மட்டும் அடிக்கடி பழைய ஆண்டுக்குப் போனால், அது மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரி. சி.ஆர். 2032 என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். கம்ப்யூட்டர் நிற்பதற்கு அது காரணம் அல்ல.

சுற்றும் தட்டு

கடைசியாக ஹார்டு டிஸ்க்.

இது 1956-ல் பிறந்தது. ஐ.பி.எம். கம்பெனி செய்த முதல் டிஸ்க்கில், 2 அடி அகலத்தில் 50 தட்டுகள் இருந்தன. அதன் எடை ஒரு டன். அதில் பிடித்தது இன்றைய கேமராப் படம் ஒன்றின் அளவுதான்!

இன்று உள்ளங்கையில் அடங்குகிறது. உள்ளே தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 தடவை சுற்றுகிறது. படிக்கும் முள் தட்டைத் தொடாமல், மிதந்து போகிறது. நடுவில் உள்ள இடைவெளி, தலை மயிரின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

தன் உடல் நிலையை ஹார்டு டிஸ்க் தானே குறித்து வைக்கிறது. "ஸ்மார்ட்" என்று பெயர். "கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ" போன்ற இலவசப் புரோகிராமில் அதைப் பார்க்கலாம். கெட்டுப் போன இடங்கள் எத்தனை என்று அதில் வரும். அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால், நாள் எண்ணப்படுகிறது என்று பொருள். சில சமயம் டிஸ்க் நன்றாக இருக்கும். அதன் கேபிள்தான் தளர்ந்து இருக்கும். கேபிளை மாற்றிப் பார்ப்பது சில நிமிட வேலை.

அந்த வீட்டு டிஸ்க்கில் "எச்சரிக்கை" என்று மஞ்சள் நிறத்தில் காட்டியது. கெட்ட இடங்கள் 8. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் 40!

அதற்குப் பதில் சுற்றாத டிஸ்க் ஒன்று வாங்கி மாட்டினார்கள். எஸ்.எஸ்.டி. என்று பெயர். ஓடுகிற பாகம் எதுவும் இல்லை. பழைய கம்ப்யூட்டருக்குச் செய்யும் செலவில் அதிகப் பலன் தருவது இதுதான். போட்டுக் காப்பி குடித்து விட்டு வந்த பிறகு கிளம்பிய பெட்டி, அரை நிமிடத்தில் கிளம்பியது!

எதுவரை செலவு செய்யலாம்?

தூசி தட்டச் செலவு இல்லை. பசை, ராம், எஸ்.எஸ்.டி. எல்லாம் சேர்ந்தாலும், புதுக் கம்ப்யூட்டரின் விலையில் சிறு பங்குதான். மதர்போர்டே போய் விட்டது என்று சோதித்துத் தெரிந்தால், அப்போது கணக்குப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்து மதர்போர்டு புதிதாகக் கிடைப்பது அரிது. பழையது வாங்கினால், அதற்கும் வயது 12 இருக்கும். அங்கே நிறுத்திக் கொள்ளலாம்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கம்பெனி தந்து வந்த இலவசப் பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு பொதுவாக முடிந்தது. 12 வயதுக் கம்ப்யூட்டர்களை விண்டோஸ் 11 ஏற்பது இல்லை. கணக்கு எழுதவும் பாடம் படிக்கவும் இலவச லினக்ஸ் போதும். அந்த வீட்டில் அதைத்தான் போட்டார்கள். அம்மாவுக்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று. பொத்தான்கள் இடம் மாறி இருக்கின்றன என்று முதலில் சத்தம் போட்டார்!

பீரோவில் இருந்த பென் டிரைவை எடுத்து, எல்லாவற்றையும் புது டிஸ்க்கில் ஏற்றினார்கள். கணக்கு வந்தது. படங்கள் வந்தன. தாத்தாவின் ஆறு நிமிடமும் வந்தது. பழைய டிஸ்க் அடுத்த மாதம் ஒரு நாள் "டக், டக்" என்றது. பிறகு எழுந்திருக்கவே இல்லை.

மகள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அடுத்துத் தூசி தட்ட வேண்டிய நாளை எழுதி வைத்தாள். போகிக்கு முந்தின ஞாயிறு.